இரவு 11 மணி, 1 மணி ஆவது எப்படி?

லண்டனுக்குப் படிக்க வந்த எத்தனையோ பேரைப் போல நானும் சில காலம் கடையில் நின்றவன். இரவு வேலை. கடை 12 மணிவரை திறந்திருக்கும். மதுவை மட்டும் 11 மணிக்கு மேல் விற்கக் கூடாது. 10:50 ஆனதும் முதலாளி கண்ணைக் காட்டுவார். நான் போய் பியர் பிரிட்ஜின் ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிடுவேன். அதைக் கண்டதும் கடைக்குள் சாவகாசமாக நின்றவர்களுக்கெல்லாம் அவசரம் வந்துவிடும். 10:58க்கு வரிசையில் ஆறு பேர். கடைசி ஆள் நாலு பியர் ரின்னைத் தூக்கி வைக்கும்போது மணி 11:01. "நான் அப்போதே வந்துவிட்டேனே, வரிசையில்தானே நின்றேன்" என்பார். உண்மைதான். ஆனால் அவர் எப்போது வந்தார் என்பது கணக்கில்லை, விற்பனை எப்போது நடந்தது என்பதுதான் கணக்கு. ரின்னை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சிப்ஸ் பைக்கற்றோடு முணுமுணுத்துக்கொண்டு போவார்.

"இன்னும் ஒரு மணித்தியாலம் தந்தால் இவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்" என்று முதலாளி கவுன்சிலைத் திட்டாத இரவு கிடையாது. ஒருநாள் கேட்டேன்: "அண்ணை, கவுன்சிலிட்ட கேட்டுப் பாத்தீங்களா?" இல்லையாம். கேட்டாலும் தரமாட்டார்களாம்.

அவர் நினைத்தது பாதிதான் சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு மூலைக்கடை தன் மது விற்பனை நேரத்தை நீட்டக் கேட்கலாம், பல கடைகளுக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் நேரம் தனியாக வருவதில்லை, நிபந்தனைகளோடு வரும். கடை வைத்திருப்பவரும் சரி, அந்தக் கடைக்கு மேல்மாடியில் தூங்க முயல்பவரும் சரி, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடை திறந்திருக்கும் நேரம் வேறு, மது விற்கும் நேரம் வேறு. பாலும் பாணும் விற்க மது லைசன்ஸ் தேவையில்லை. மது விற்க இரண்டு லைசன்ஸ் வேண்டும்: ஒன்று கடைக்கு, மற்றது ஆளுக்கு. கடை லைசன்ஸில்தான் எந்தக் கிழமை எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை விற்கலாம் என்று எழுதியிருக்கும். ஆள் லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கடையின் மது விற்பனைக்குப் பொறுப்பாகப் பெயர் குறிக்கப்பட்டிருப்பார். கடைக்காரர்கள் வாயில் அவர் 'டிபிஎஸ்'. லைசன்ஸில் எழுதிய நேரத்துக்கு வெளியே தெரிந்தே விற்றால் ஆறு மாதம்வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். அந்த 11:01 ரின்னை நான் ஏன் விற்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதென்ன 11 மணி?

இரவு 11 என்பது இந்த நாட்டுக்காரர்களின் உடம்பிலேயே ஊறிப்போன நேரம். முதல் உலகப்போர் வந்தபோது, ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் விடுகிறார்கள் என்று அரசு பயந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, குடி என்ற மூன்று எதிரிகளோடு போராடுகிறோம், அதில் குடியே பெரிய எதிரி என்ற பொருளில் லாய்ட் ஜார்ஜ் 1915இல் பேசினார். மதுக்கடை நேரங்கள் இறுக்கப்பட்டன. போர் முடிந்தும் அந்த இறுக்கம் முழுதாகத் தளரவில்லை. பின்னால் வந்த சட்டங்களிலும் நேரத்தை நாடே மொத்தமாக விதித்தது, லைசன்ஸ் கொடுத்தது நீதிமன்ற நடுவர்கள்.

2003ஆம் ஆண்டின் லைசன்ஸ் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. 2005 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்க ஒரே நேரம் என்பது போய், ஒவ்வொரு கடையும் தனக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கலாம், உள்ளூர் கவுன்சில் தீர்மானிக்கும் என்றானது. '24 மணி நேரக் குடி' என்று அப்போது பத்திரிகைகள் அலறின. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலான கடைகள் பழைய நேரத்தையே புதுத் தாளுக்கு மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டன. இன்றைக்கும் பல கடைகளின் லைசன்ஸில் 11 என்று இருப்பது எவரோ சொன்ன தடையால் அல்ல, அன்றைக்கு யாரும் வேறு கேட்காததால்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அங்கே வேறு சட்டம். கடையில் வாங்கிக்கொண்டு போகும் மது காலை 10 முதல் இரவு 10 வரைதான், அதற்கு மேல் நீட்டச் சட்டத்திலேயே இடமில்லை.

சட்டம் எதைப் பார்க்கிறது?

கவுன்சில் நான்கே நான்கு விடயங்களைப் பார்க்கலாம்: குற்றமும் குழப்பமும் வராமல் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராமல் தடுப்பது, சிறுவர்களுக்குத் தீங்கு வராமல் காப்பது. ஐந்தாவது கிடையாது. ஸ்கொட்லாந்தில் பொதுச்சுகாதாரம் ஐந்தாவதாக இருக்கிறது. இங்கே இல்லை.

இந்த நான்கு தெரியாமல்தான் இரண்டு பக்கமும் தோற்கிறார்கள். "வியாபாரம் படுத்துவிட்டது, வாடகை கூடிவிட்டது" என்று கடைக்காரர் எழுதுவார். நான்கில் எதிலும் அது இல்லை. "இந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று கடை இருக்கிறது, இன்னொன்றுக்கு என்ன தேவை" என்று எதிர்ப்பவர் எழுதுவார். தேவை இருக்கிறதா என்பதையும் கவுன்சில் பார்க்க முடியாது. வீட்டு விலை இறங்கும், குடி பாவம், எதிர்க்கடைக்கு நட்டம், இவை எல்லாம் அப்படியே ஒதுக்கப்படும்.

அரசின் வழிகாட்டி கடைகளுக்குச் சாதகமாகவே ஒன்று சொல்கிறது: கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க மது விற்க வழக்கமாக விடலாம், அந்த நான்கில் ஏதாவது ஒன்றைச் சார்ந்து நல்ல காரணம் இருந்தால் மட்டும் குறைக்கலாம். இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். பல கவுன்சில்கள், குறிப்பாக லண்டன் நகர மையத்தில் இருப்பவை, சில பகுதிகளில் ஏற்கெனவே மதுக்கடைகள் நிரம்பி வழிகின்றன என்று ஆதாரத்தோடு அறிவித்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் உங்கள் கடை இருந்தால் நிலைமை கவிழ்ந்துவிடும். உங்கள் கூடுதல் நேரம் தொல்லையைக் கூட்டாது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை எடுக்க முதல் உங்கள் கவுன்சிலின் லைசன்ஸ் கொள்கையை இறக்கி ஒருதரம் படியுங்கள். இணையத்தில் சும்மா கிடக்கிறது. நான் பார்த்தவரை இதைப் படிக்காமல் விண்ணப்பித்தவர்களே அதிகம்.

நீலத் தாள்

நேரத்தை நீட்டுவதற்குப் பெயர் லைசன்ஸில் மாற்றம் கேட்பது. 89 பவுண் கட்டும் 'சிறு மாற்றம்' என்று மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஆனால் மது விற்கும் நேரத்தைக் கூட்ட அதைப் பாவிக்க முடியாது. முழு விண்ணப்பம்தான். கட்டணம் கடையின் வரிமதிப்பைப் பொறுத்தது. 4,301 முதல் 33,000 பவுண்வரை மதிப்புள்ள கடை 'பி' பிரிவு, மூலைக்கடைகளில் பெரும்பங்கு இதற்குள் விழும். அதற்கு 190 பவுண். 2005 முதல் இந்தத் தொகை மாறவே இல்லை. இந்த நாட்டில் இருபது வருடமாக விலை ஏறாத பொருள் வேறென்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

விண்ணப்பம் கொடுத்த மறுநாள் தொடங்கி 28 நாள் கடை வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்க வேண்டும். வெளிர்நீலத் தாள், ஏ4 அளவாவது இருக்க வேண்டும், எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது, கறுப்பு மை, தெருவில் நின்று வாசிக்கக்கூடிய இடம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒருதரம் விளம்பரம், பத்து வேலைநாளுக்குள். சில வேளைகளில் இந்த விளம்பரச் செலவு கவுன்சில் கட்டணத்தையே தாண்டிவிடும்.

இந்த நீலத் தாளில்தான் ஆக்கள் சறுக்குவார்கள். வெள்ளைத் தாளில் அச்சடித்து ஒட்டுவது, லொத்தர் சுவரொட்டிக்குப் பின்னால் ஒட்டுவது, ஷட்டர் இறங்கினால் மறைந்துவிடும் இடத்தில் ஒட்டுவது. கவுன்சிலின் அலுவலர் வந்து பார்த்துப் பிழை கண்டால் 28 நாளும் முதலிலிருந்து. தினமும் கடை திறக்கும்போது தாளோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். யாராவது கிழித்துவிட்டால், எப்போது கிழிந்தது, எப்போது மீண்டும் ஒட்டினோம் என்று காட்ட உதவும்.

அந்த 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். பக்கத்தில் வசிக்க வேண்டும் என்ற பழைய விதி 2012இல் போய்விட்டது. பொலிஸ், தீயணைப்பு, சுற்றாடல் சுகாதாரம், வர்த்தகத் தரப் பிரிவு, உள்துறையின் குடிவரவுப் பிரிவு என்று அதிகாரப் பட்டியலும் நீளம். எல்லாருக்கும் விண்ணப்பத்தின் பிரதி போகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒருவரும் வாய் திறக்காவிட்டால், கேட்ட நேரத்தை கவுன்சில் கொடுத்தே ஆகவேண்டும். தனக்குப் பிடிக்கவில்லை என்று மறுக்க முடியாது. அதனால்தான் புத்தியுள்ள கடைக்காரர் விண்ணப்பம் போட முதலே பொலிஸின் லைசன்ஸ் அலுவலரிடம் போய்ப் பேசுவார்: "1 மணிவரை கேட்கலாம் என்றிருக்கிறேன், உங்களுக்கு என்ன கவலை?" அவர் நாலைந்து நிபந்தனை சொல்வார். அவற்றை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் பொலிஸ் பெரும்பாலும் எதிர்க்காது.

எதிர்க்க விரும்பும் அயலவருக்கும் சொல்ல இருக்கிறது. "இந்தக் கடையால் பெரிய கரைச்சல்" என்று ஒரு வரி எழுதினால் ஒருவரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். "மார்ச் 7 வெள்ளி இரவு 11:40க்கு நாலு பேர் கடையிலிருந்து பியர் வாங்கிவந்து எங்கள் வீட்டுப் படியில் இருந்து குடித்தார்கள், போகும்போது ஒழுங்கையில் சிறுநீர் கழித்தார்கள், படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். நாள், மணி, கண்டது, அது எந்தக் கடையோடு தொடர்புபடுகிறது. ஆதரவாகவும் எழுதலாம். உங்கள் பெயரும் விலாசமும் வழக்கமாகக் கடைக்காரருக்குப் போகும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். நாளைக்கும் அவரிடம்தானே பால் வாங்கப் போகிறீர்கள்.

மூன்று கவுன்சிலர்கள்

எதிர்ப்பு வந்து சமரசமாகாவிட்டால் விசாரணை. 28 நாள் முடிந்து 20 வேலைநாளுக்குள் தொடங்க வேண்டும். மூன்று கவுன்சிலர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், ஒரு சட்ட ஆலோசகர், கடைக்காரர், எதிர்ப்பவர்கள். நீதிமன்றம் அல்ல. சட்டத்தரணி கட்டாயம் இல்லை. உங்கள் ஆங்கிலம் தடுமாறினால் மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு போகலாம், அவர்கள் உங்களுக்காகப் பேசலாம், முன்கூட்டி அறிவித்திருந்தால் போதும்.

அங்கே பயத்தை எடை போடுவதில்லை, ஆதாரத்தைத்தான் எடை போட வேண்டும். 2008இல் உயர்நீதிமன்றத்தில் டானியல் த்வைட்ஸ் நிறுவனத்தின் வழக்கு ஒன்று வந்தது. விர்ரல் பகுதியில் அவர்களுடைய பப் ஒன்றுக்கு நேரம் நீட்டப்பட்டிருந்தது. குழப்பம் வரலாம் என்று நினைத்து நீதிமன்ற நடுவர்கள் அதைக் குறைத்தார்கள். நீண்ட நேரம் திறந்திருந்த காலத்தில் உண்மையில் குழப்பம் எதுவும் வரவில்லை என்ற சான்றைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்லி உயர்நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. இன்றும் கடைத்தரப்பு வாதங்களில் இந்த வழக்கு தலைகாட்டும்.

கவுன்சில் முழுதாகத் தரலாம், கேட்டதைவிடக் குறைத்துத் தரலாம், மறுக்கலாம். பிடிக்காதவர், கடைக்காரரோ கருத்துச் சொன்னவரோ, 21 நாளுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் முறையிடலாம். தோற்றால் மற்றத் தரப்பின் செலவும் தலையில் விழக்கூடும். அதனால் 'மானப் பிரச்சினை' என்று போய்விடாதீர்கள்.

கையில் கிடைப்பது

என்னைக் கேட்டால், லைசன்ஸில் நேரம் எழுதிய பக்கத்தைவிட அதற்குப் பின்னால் இணைக்கும் நிபந்தனைப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். இரவு நீடிக்கும் கடைக்கு வழக்கமாக வருபவை இப்படி இருக்கும். கமராப் பதிவு 31 நாள் வைத்திருக்க வேண்டும், பொலிஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் கடையில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும். யாருக்கு ஏன் விற்க மறுத்தீர்கள் என்று எழுதும் கொப்பி. ஊழியர் பயிற்சிப் பதிவு. ரின்னைத் தனித்தனியாக விற்கக் கூடாது. 6.5 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பியரும் சைடரும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை 2012இல் இப்ஸ்விச் நகரில் தொடங்கிய ஒரு முயற்சிக்குப் பிறகு பரவலானது. தெருவில் குடித்துக் கிடப்பவர்கள் அநேகமாக அந்த வீரிய ரின்களைத்தான் வாங்குகிறார்கள் என்பது அங்கே அவதானிப்பு.

இப்போது கணக்கைப் பாருங்கள். தனி ரின்னும் வீரிய பியரும்தான் உங்கள் நடுநிசி வியாபாரம் என்றால், நிபந்தனை நாள் முழுக்கப் பொருந்தும்படி எழுதப்பட்டால், மாலை 5 மணிக்கு விற்றுக்கொண்டிருந்ததையும் சேர்த்து இழப்பீர்கள். இரண்டு மணித்தியாலம் கேட்கப்போய் பகல் வியாபாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நிபந்தனை '11 மணிக்குப் பிறகு' என்று எழுதப்படுகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவாவது விசாரணைக்குப் போங்கள்.

சம்பளமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அந்த விகிதத்தில் தினமும் இரண்டு மணித்தியாலம் கூட ஓர் ஆள் நின்றால் கிழமைக்கு 170.94, வருடத்துக்கு ஏறக்குறைய 8,890 பவுண். தனியாக நிற்க விடமாட்டீர்கள் என்றால் இரட்டிப்பு. சில கவுன்சில்கள் பின்னிரவு வரி என்றொன்று வாங்குகின்றன, முதன்முதலில் 2013இல் நியூகாசிலில் வந்தது. 'பி' பிரிவுக் கடைக்கு வருடம் 768 பவுண். நள்ளிரவுக்குப் பிறகு மது விற்க அனுமதி உள்ள கடைகளுக்கே இது. உங்கள் கவுன்சிலில் அந்த வரி இருந்தால், 12:30 கேட்பதற்கும் 12 கேட்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அரை மணித்தியாலம் மட்டுமல்ல.

முதலில் சோதித்துப் பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. 21 பவுண் கட்டி, குறைந்தது பத்து முழு வேலைநாளுக்கு முன்னர் கவுன்சிலுக்குத் தற்காலிக அறிவித்தல் கொடுத்தால், ஒரேயடியாக 168 மணித்தியாலம்வரை கூடுதல் நேரத்துக்கு விற்கலாம். பொலிஸும் சுற்றாடல் சுகாதாரப் பிரிவும் மட்டும்தான் எதிர்க்க முடியும். நத்தார், புதுவருடக் கிழமையில் இப்படிச் செய்து பாருங்கள். அந்த நாட்களில் என்ன விற்றது, எத்தனை பேரை மறுத்தீர்கள், தெருவில் சத்தம் வந்ததா என்று எழுதி வையுங்கள். இலாபமில்லை என்று தெரிந்தால் 21 பவுணோடு போயிற்று. பிரச்சினை இல்லாமல் நடந்திருந்தால் முழு விண்ணப்பத்துக்கு அதுவே நல்ல ஆதாரம்.

கடையின் திட்ட அனுமதியில், அதாவது கட்டடத்தை எப்படிப் பாவிக்கலாம் என்று சொல்லும் அனுமதியில், '11 மணிக்குப் பூட்ட வேண்டும்' என்று இருந்தால் மது லைசன்ஸ் 1 மணி என்று சொன்னாலும் பூட்டத்தான் வேண்டும். இரண்டும் வேறு வேறு பிரிவு. வாடகை ஒப்பந்தத்தையும் ஒருதரம் புரட்டுங்கள்.

நம்மவர் கடைகளுக்கென்றே இன்னொன்று. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கல் விளக்கில் ரோல்ஸும் பற்றிஸும் சூடாக இருக்கும், தெரியும்தானே. இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவு, சூடான பானம் விற்பதற்கும் லைசன்ஸில் தனி அனுமதி வேண்டும். மது நேரத்தை 1 மணிவரை நீட்டிவிட்டு, 11:30க்கு ஒரு சூடான மட்டன் ரோல் விற்றால் பிழை ரோலில். அதே விண்ணப்பப் படிவத்தில் அதற்கும் ஒரு பகுதி இருக்கிறது, சேர்த்து நிரப்பினால் வேறு கட்டணம் இல்லை. நிரப்ப மறந்தால் 11 மணிக்குப் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, மிஞ்சினதை ஆறவிட்டு விற்கலாம்.